மலையடிவாரத்திலிருந்து மவுண்ட் ரோடுக்கு

கல்லூரி விழா என்றால் போஸ்டர் உங்கள் தலையில்தான் விழும். நண்பனின் அண்ணன் கல்யாண வீடியோவை எடிட் செய்ததும் நீங்கள்தான். செமஸ்டர் முடிந்ததும் ஆறு வாரமோ எட்டு வாரமோ சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்திலோ டிசைன் ஸ்டூடியோவிலோ எடிட்டிங் கூடத்திலோ பயிற்சிக்குச் சேர ஆசை. வீட்டில் யாருக்கும் அந்தத் தொழில் தெரியாது. சென்னையில் சித்தப்பா இருக்கிறார், அவருக்கும் தெரியாது. இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான்.

சென்னையில் வளர்ந்த பிள்ளையிடம் நல்ல கம்ப்யூட்டர் இருக்கும், ஆங்கிலம் சரளமாக வரும், நாலு பேரைத் தெரிந்திருக்கும். அந்தப் போட்டியில் நாம் பின்தங்கியே ஓடுவோம். ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் வந்துபோகும் திருவண்ணாமலையில் வளர்ந்தவர் நீங்கள். கூட்டம் எப்படி நடக்கிறது, எதைப் பார்க்கிறது, எங்கே குழம்புகிறது என்று பிறந்தது முதல் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணைக் காகிதத்தில் கொண்டுபோனால் போதும். மற்றதெல்லாம் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது?

மே மாதம் சேர வேண்டுமானால் ஏப்ரலில் தேடுவது தாமதம். தேர்வும் அப்போதுதான் வந்து நிற்கும். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்.

1. பொங்கல் முடிந்த வாரம்: போர்ட்ஃபோலியோ வேலையைத் தொடங்குங்கள்.
2. பிப்ரவரி: 15 நிறுவனங்களின் பட்டியல் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.
3. மார்ச்: பதில் வராதவர்களுக்கு ஒரு நினைவூட்டல். வந்தவர்களோடு வீடியோ அழைப்பில் பேச்சு.
4. தேர்வுக்கு முன்: துறைத் தலைவரிடம் போனஃபைடு கடிதமும் தடையில்லாச் சான்றும் வாங்கிவிடுங்கள். விடுமுறை விட்டுவிட்டால் கையெழுத்துக்கு அலைய வேண்டும்.
5. சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பு: சென்னை போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

குறிப்பு: சித்ரா பௌர்ணமி ஏப்ரல் பாதிக்கு மேலோ மே மாதத்திலோ வரும். அன்றும் மறுநாளும் நம் ஊர்ப் பேருந்துகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். பயணத்தை அந்த இரண்டு நாளில் வைக்காதீர்கள்.

போர்ட்ஃபோலியோ: ஊரையே வரையுங்கள்

நான் முதன்முதலாகக் காட்டிய போர்ட்ஃபோலியோவில் பன்னிரண்டு வேலைகள். அதில் ஒரு காபி ஷாப்புக்கு ஆங்கிலப் பெயரில் லோகோ, கப், பை எல்லாம் செய்திருந்தேன். பார்த்தவர் கேட்டார்: "இந்த மாதிரி கடைக்கு நீ போயிருக்கியாப்பா?" போனதில்லை. "அப்ப யாருக்காக இதைச் செஞ்ச?" பதில் இல்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர், கடைசியில் நான் இடம் நிரப்பச் செருகியிருந்த ஒரு பக்கத்தில் நின்றார். எங்கள் தெருப் பூக்கார அக்கா முழம் போடுவதை வரிசையாக எடுத்த ஆறு புகைப்படங்கள் அவை. அதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினோம்.

பெரும்பாலான மாணவர்கள் செய்யும் தவறும் இதுதான். பிரபல செருப்புக் கம்பெனியின் லோகோவை மாற்றி வரைவது, நடிகர் படத்துக்கு ரசிகர் போஸ்டர், யூடியூப் பாடத்தில் சொன்னதை அப்படியே செய்தது. ஒரே பாடத்தைப் பார்த்த நூறு பேர் அதையே அனுப்பியிருப்பார்கள்.

அவற்றுக்குப் பதிலாக இந்த மூன்றில் இரண்டையாவது முழுதாகச் செய்யுங்கள்.

பயிற்சி 1: கிரிவலப் பாதைக்கு ஒரு வழிகாட்டிப் பலகை. பாதை 14 கி.மீ. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். நடப்பவர் செருப்பில்லாமல், பெரும்பாலும் இரவில், களைப்போடு வருகிறார். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மலை எப்போதும் வலக்கைப் பக்கம். கண் அங்கேதான் போகும். அப்படியானால் பலகையை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? எந்த உயரத்தில்? எழுத்து எத்தனை அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும்? அடுத்த லிங்கம் எவ்வளவு தூரம் என்று சொல்வீர்களா, அடுத்த கழிப்பறையும் குடிநீரும் எங்கே என்று சொல்வீர்களா? ஒரு பௌர்ணமி இரவு நோட்டும் பென்சிலுமாகச் சுற்றிவந்தால் பதில் கிடைக்கும்.

பயிற்சி 2: ஆரணிப் பட்டுக்கு ஒரு பெட்டி. புடவைப் பெட்டி, விலைச் சீட்டு, பை. முதலில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போய் அரை நாள் உட்காருங்கள். புடவையை எப்படி மடிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் பெட்டியின் அளவே தெரியும்.

பயிற்சி 3: ஒரு நிமிட வீடியோ. பூக்கட்டுதல், தேர்வடம் பிடிக்கும் கைகள், விடியற்காலை டீக்கடை, எதுவாகவும் இருக்கலாம். வசனம் வேண்டாம். படத்தையும் சத்தத்தையும் வைத்தே சொல்லுங்கள். முகம் தெரியும்படி எடுத்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பக்கம் போதும்: பிரச்சினை என்ன, தாளில் கிறுக்கிய முயற்சிகள், முடித்த வடிவம். நடுப்பக்கத்தை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

குறிப்பு: மொத்தம் 6 முதல் 8 வேலைகள். ஒரே பிடிஎஃப், 10 எம்பிக்குள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். 'போர்ட்ஃபோலியோ நியூ 2' என்று அனுப்பினால் அவர்கள் கணினியில் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

யாருக்கு அனுப்புவது?

பெரிய பெயர்களுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். 1973இல் சென்னையில் தொடங்கிய ஆர்.கே. சுவாமி போன்ற பெரிய விளம்பர நிறுவனங்கள் ஐந்து, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன ஸ்டூடியோக்கள் பத்து என்று பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய இடத்தில் ஒழுங்குமுறை தெரியும். சின்ன இடத்தில் எல்லா வேலையும் கைக்கு வரும். எடிட்டிங், ஒலி, விஎஃப்எக்ஸ் பக்கம் ஆர்வமென்றால் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் தேடுங்கள்.

மின்னஞ்சல் ஏழெட்டு வரியைத் தாண்டக்கூடாது. இப்படி இருக்கலாம்:

*வணக்கம். நான் திருவண்ணாமலையில் ____ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் செய்த ____ விளம்பரத்தில் தமிழ் எழுத்தைக் கையாண்ட விதம் பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் கிரிவலப் பாதைக்கு ஒரு வழிகாட்டிப் பலகை வடிவமைத்திருக்கிறேன். அது இணைப்பில் 2ஆம் பக்கத்தில் உள்ளது. மே முதல் வாரத்திலிருந்து எட்டு வாரம் உங்களிடம் பயிற்சி பெற விரும்புகிறேன். 15 நிமிடம் பேச நேரம் கிடைக்குமா? கைபேசி எண்: ____*

நிறுவனம் ஆங்கிலத்தில் இயங்கினால் இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும், அந்த மொழியில் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல உங்களால் முடிய வேண்டும். ஒரே கடிதத்தை 15 பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, எல்லா முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி விடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. தனித்தனியாக அனுப்புங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

ஏமாற்று வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

- பதிவுக் கட்டணம், டெபாசிட், சான்றிதழ் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகுங்கள்.
- போர்ட்ஃபோலியோவைப் பார்க்காமலே "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று வாட்ஸ்அப் வந்தால் நம்பாதீர்கள்.
- அலுவலக முகவரி, அவர்கள் செய்த வேலைகள், அங்கே முன்பு பயிற்சி பெற்ற ஒருவர். இந்த மூன்றையும் நீங்களே தேடிச் சரிபாருங்கள்.
- 'சோதனை வேலை' என்று சொல்லி ஒரு முழு விளம்பரத் தொகுப்பையே இலவசமாகச் செய்யச் சொன்னால், ஒரு நாளில் முடியும் சின்ன வேலை தரும்படி பணிவாகக் கேளுங்கள்.
- பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

எழுத்தில் வாங்க வேண்டியவை

"வாப்பா, பார்த்துக்கலாம்" என்பது அன்பான பேச்சு. ஆனால் அதை நம்பிப் பேருந்து ஏறாதீர்கள். கீழ்க்கண்டவை ஒரு மின்னஞ்சலிலாவது இருக்கட்டும்:

1. தொடங்கும் நாள், முடியும் நாள், வேலை நேரம், வார விடுமுறை.
2. ஊக்கத்தொகை உண்டா, எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்.
3. யாரிடம் வேலை கற்றுக்கொள்வீர்கள்.
4. மடிக்கணினி அவர்களுடையதா, உங்களுடையதா.
5. முடிவில் சான்றிதழ் உண்டா.
6. செய்த வேலையைப் பிறகு உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா.

ஆறாவதை யாரும் கேட்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழோ தொழில் பழகுநராகவோ செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமை நிறுவனத்துக்குத்தான். பயிற்சிக் கடிதத்திலும் பெரும்பாலும் அப்படியே எழுதியிருப்பார்கள். ஆகவே அனுமதியை முதலிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் அப்பா தயங்கினால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, பொறுப்பாளர் எண், தங்கும் இடத்தின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். நீங்கள் வாதாடுவதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

போவதும் தங்குவதும்

செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகும் பேருந்து கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த முனையம் அது. நாலரை முதல் ஐந்து மணி நேரப் பயணம். ஆரணி வழியாகப் பூந்தமல்லிப் பக்கம் போகும் வண்டிகள் வேறு. அவை நகரின் மேற்கே கொண்டுபோய்விடும். தங்கும் இடம் எந்தப் பக்கம் என்று பார்த்து, நடத்துனரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். வேலூர், காட்பாடி வழியாகச் சென்னை கடற்கரைக்குப் போகும் ரயில் 2024 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. செலவு குறைவு, அதிகாலையில் எழ வேண்டும்.

அறை தேடும் வரிசை:

1. முதலில் அலுவலகம் எங்கே என்று வரைபடத்தில் குறியுங்கள்.
2. அதற்கு அருகிலுள்ள மின்சார ரயில் அல்லது மெட்ரோ நிலையத்தைக் கண்டுபிடியுங்கள்.
3. அதே தடத்தில் வாடகை குறைவான இடம் தேடுங்கள். அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் என்றால் தாம்பரத்திலோ கூடுவாஞ்சேரியிலோ தங்கினாலும் ஒரே ரயில். மாறி ஏறும் தொல்லை இல்லை.
4. காலை எட்டரை மணிக்கு ஒருமுறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். மூன்று நாள் முன்பே வரச் சொன்னது இதற்காகத்தான்.

பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு ஆகிய இடங்களில் இருக்கின்றன. பயிற்சி மாணவருக்குக் குறுகிய காலத்துக்கு இடம் தருவார்களா என்று மார்ச்சிலேயே விசாரியுங்கள். தனியார் விடுதி என்றால் முன்பணத்தை நேரில் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். கதவின் உள்தாழ்ப்பாள், தண்ணீர், இரவு எத்தனை மணிக்குக் கேட் மூடுவார்கள், கிளம்பும்போது முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற நான்கையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

பணக் கணக்கு எளிது. ஊக்கத்தொகை மாதம் முடிந்துதான் வரும். சில இடங்களில் பயிற்சி முடிந்துதான் வரும். எனவே வாடகை, சாப்பாடு, போக்குவரத்து மூன்றுக்கும் முதல் 45 நாளுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். மாநகரப் பேருந்தில் அடிக்கடி போவதானால் 1,000 ரூபாய் மாதச் சீட்டு லாபமா என்று கணக்குப் போடுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

முதல் வாரம்

1. 10 நிமிடம் முன்னால் போங்கள். பூட்டியிருந்தால் வெளியே நில்லுங்கள். இந்தத் துறையில் காலை தாமதமாகத் தொடங்கும், இரவு தாமதமாக முடியும்.
2. எப்படிக் கூப்பிடுவது என்று கேளுங்கள். நாம் சார், மேடம் என்போம். பல ஸ்டூடியோக்களில் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் கூச்சம் போய்விடும்.
3. வேலை சொன்னதும் திருப்பிச் சொல்லுங்கள். அளவு என்ன, எங்கே வரும், யார் பார்ப்பார்கள், எப்போது வேண்டும். நான் ஒருமுறை இதைக் கேட்காமல் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு போஸ்டர் செய்தேன். அவர்கள் கேட்டது படுக்கைவாட்டில். நான் செய்தது நிமிர்ந்து நின்றது.
4. அரைகுறையாகவே காட்டுங்கள். முழுதாக முடித்துவிட்டு அசத்தலாம் என்று மூடி வைக்காதீர்கள். மதியம் ஒரு கிறுக்கலைக் காட்டினால் மாலைக்குள் திருத்தலாம்.
5. கோப்புக்குப் பெயர் வையுங்கள். வாடிக்கையாளர், வேலை, தேதி, எண். 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' வேண்டாம்.
6. நாள்தோறும் ஐந்து வரி எழுதுங்கள். இன்று என்ன செய்தேன், எதில் திட்டு வாங்கினேன், எது புரியவில்லை. கல்லூரி கேட்கும் அறிக்கை இதிலிருந்தே பிறக்கும்.

தமிழ் எழுத்து: உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு

பல அலுவலகங்களில் தமிழ் விளம்பரத்தை அச்செழுத்தில் ஏற்றும் வேலை பயிற்சி மாணவருக்குத்தான் வரும். சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். தப்பு இங்கேதான் நடக்கும்.

- ஃபோட்டோஷாப்பில் 'கொடி' என்று தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்துரு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். எழுத்து அமைப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்வை மாற்றினால் சரியாகும். இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போஸர்'. இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் இந்திய மொழி வசதியை இயக்க வேண்டும்.
- வாடிக்கையாளர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பிய கோப்பை ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.
- ஆங்கில வரிக்கு வைத்த இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டுங்கள்.
- எழுத்துருவுக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். முக்த மலர், மீரா இனிமை, பவனம், கவிவனர் போன்றவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன.
- அச்சுக்குப் போகும் முன் ல, ள, ழ, ந, ன, ண பார்க்க இன்னொரு கண் வேண்டும். தட்டியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

தமிழ் சரியாக எழுதத் தெரிந்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். மூன்றாவது வாரத்தில் உங்களைத் தேடிவந்து கேட்பார்கள்.

பாதுகாப்பு

- இரவு வேலை: ஒன்பது மணிக்கு மேல் இருக்கச் சொன்னால் வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கேட்பது தவறில்லை. வண்டி எண்ணையும் இருப்பிடத்தையும் ஒருவருக்கு அனுப்புங்கள். கைபேசியில் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி இருக்கட்டும். அவசர எண் 112. பெண்கள் உதவி எண் 181.
- தொல்லை: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தேதி, நேரம், வந்த செய்திகளைச் சேமித்து வையுங்கள்.
- ரகசியம்: வெளிவராத விளம்பரத்தின் மூலையைக்கூட ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வாடிக்கையாளர் கோப்பைக் கேட்காமல் இலவச இணையக் கருவிகளிலும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிலும் ஏற்றாதீர்கள். இதனால் பயிற்சி பாதியிலேயே முடிந்துபோகலாம்.
- உடம்பு: கத்திரி வெயில் இங்கும் உண்டு, ஆனால் சென்னையின் புழுக்கம் வேறு. தண்ணீர்ப் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள்.

கடைசி வாரம்

1. சான்றிதழை ஒரு வாரம் முன்பே கேளுங்கள். பெயர், தேதி, பிழை பாருங்கள்.
2. எந்த வேலைகளைக் காட்டலாம் என்று மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள்.
3. அலுவலகக் கோப்புகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு, உங்கள் கருவியிலிருந்து நீக்குங்கள்.
4. வேலை சொல்லிக்கொடுத்தவரிடம் ஒரு கேள்வி: "நான் அடுத்ததாக எதைக் கற்றுக்கொள்ளணும்?" வரும் பதிலை அப்படியே எழுதி வையுங்கள்.
5. ஊர் வந்ததும் நன்றிக் கடிதம். ஆறு மாதம் கழித்து, புதிதாகச் செய்த ஒன்றை அனுப்புங்கள். வேலை காலியானால் நினைவுக்கு வருவது அப்படி அனுப்பியவர் பெயர்தான்.

திரும்பும் பேருந்து செஞ்சியைத் தாண்டிக் கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது மலை தெரியத் தொடங்கும். வீட்டில் இரண்டு நாள் தூங்குங்கள். பிறகு ஜனவரியில் செய்த அந்த வழிகாட்டிப் பலகையை எடுத்துப் பாருங்கள். எழுத்து சிறியது என்றும், வரிகள் நெருங்கியிருக்கின்றன என்றும், தெலுங்கு தெரிந்தவரிடம் காட்டாமலே தெலுங்கு எழுதியிருக்கிறோம் என்றும் உங்களுக்கே தெரியும். திருத்துங்கள். நிஜ அளவில் ஒரு தாளில் அச்செடுத்து, அடுத்த பௌர்ணமி இரவு பாதையோரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நடந்து வருபவர் நிற்காமலே படித்துவிட்டுப் போனால் உங்கள் பலகை தேறிவிட்டது.